விரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டவர்

ஜமீலா டீச்சர் இறந்த செய்தி எங்கள் பள்ளி அலுவலகத் தொலைபேசிக்கு வந்தது. காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் சன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு ரிசீவரை நீட்டினார். மறுமுனையில் டீச்சரின் தம்பி சலீம். துறையூரில் மிளகு மண்டி வைத்திருப்பவர். "தமிழய்யாங்களா? அக்கா மௌத்தாயிட்டாங்க. மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

செய்தியைச் சொன்னதும் தலைமையாசிரியர் உச்சுக் கொட்டினார். "பாவம். அமைதியான டீச்சர்னு கேள்விப்பட்டிருக்கேன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்களாமே" என்றார். அவர் எங்கள் பள்ளிக்கு வந்தது ஜமீலா டீச்சர் போன பிறகு. டீச்சரை அவர் பார்த்ததே இல்லை. செத்துப்போன பெண்ணைப் பற்றி இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எங்கிருந்தோ பழகி வைத்திருக்கிறார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. கொல்லிமலையிலிருந்து காட்டுப் பாதையில் புளியஞ்சோலைக்கு இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துத் துறையூர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஜமீலா டீச்சர் அமைதியானவர் அல்லர். கோபக்காரர். காரணத்தோடு கோபப்படுவார், கோபப்பட்டால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசுவார். அவரைச் சாதுவாக்கி மாலை போடுவதற்கு யாருக்கும் உரிமையில்லை.

தொண்ணூற்றேழில் அறிவியல் ஆசிரியராக எங்கள் பள்ளிக்கு வந்தார். கொல்லிமலைக்கு மாற்றல் என்றாலே தண்டனை என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் நடுவில், கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். அவருடைய அத்தா மலைமேல் வளப்பூர் நாடு என்கிற பகுதியின் மிளகை வாங்கி விற்றவர் என்பதால் மலைக்காரர்கள் பலரை அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். திங்கட்கிழமை விடியலில் புளியஞ்சோலையிலிருந்து நடந்தே ஏறி வருவார். வாரக் கடைசியில் இறங்கிப் போவார்.

எங்கள் எட்டாம் வகுப்புக்குத் தகரக் கூரை. பனி விலகி வெயில் ஏறும் நேரத்தில் கூரை டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். மேலே முனி நடக்கிறது என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள். வெப்பத்தால் திடப்பொருள்கள் விரிவடைதல் என்ற பாடம் வந்த அன்று டீச்சர் எல்லோரையும் வெளியே அழைத்துப்போய்க் கூரையைக் காட்டினார். "வெயில் பட்டா தகரம் விரியும். விரிய அதுக்கு இடம் வேணும். இத வேய்ஞ்சவன் இடமே விடாம ஆணிய அறைஞ்சுட்டுப் போயிட்டான். அது எங்க போகும்? ஆணியைச் சுத்திக் கிழிஞ்சுபோச்சு. அதான் மழை பேஞ்சா உங்க தலையில ஒழுகுது." பாடம் அதோடு முடியவில்லை. கூரை போட்ட ஒப்பந்தக்காரர் வேறு வேலையாகப் பள்ளிக்கு வந்த நாளில், அதே பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கிழிந்த ஓட்டைகளை அவருக்குக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் வெளிறிப்போய்விட்டார். மழைக்கு முன்பு கூரை மாறியது.

என்னோடு அவர் போட்ட முதல் சண்டையும் அந்தப் பாடத்தால் வந்ததுதான். காலாண்டுத் தேர்வில் 'விரிவு என்றால் என்ன?' என்று கேட்டிருந்தார். ஆலத்தூர் நாட்டிலிருந்து வரும் செல்வி என்ற பெண், 'விரிவாக்கம் என்பது ஆபீசர் ஜீப்பில் வந்து சாமை விதையும் கேழ்வரகு விதையும் கொடுப்பது' என்று எழுதிவிட்டாள். விடைத்தாளோடு டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"இந்தப் புள்ளைக்கு நான் எப்படி மார்க் போடுறது, சொல்லுங்க தமிழய்யா. இவ சொல்றதும் நிஜம்தானே? விவசாய ஆபீசர் ஜீப்புல விரிவாக்கம்னுதான் எழுதியிருக்கு. கணக்கு சார் ஏ கூட்டல் பி-ய விரிவாக்குன்னு சொல்றார். நான் இரும்பு விரியுதுங்கறேன். பஞ்சாயத்துல குடிநீர்க் குழாய் விரிவாக்கம். ஒரே வார்த்தைய எத்தனை எடத்துலதான் கொண்டுபோய் மாட்டுவீங்க? தமிழ்ல வார்த்தைக்கா பஞ்சம்?"

சொற்களுக்கு நான்தான் பொறுப்பு என்பதுபோலப் பேசினார். எனக்கும் கோபம் வந்தது. இலக்கணத்திலும் விரி உண்டு என்று சொன்னேன். சொற்கள் சேரும்போது நடுவில் உருபு மறைந்துவிடும், மறைந்ததை வெளியே எடுத்துச் சொன்னால் அது விரி. 'கரடி விரட்டிய நாய்' என்று ஒருவன் சொன்னால், நாய் கரடியை விரட்டியதா, கரடி நாயை விரட்டியதா? விரித்துச் சொன்னால்தான் யார் யாரை விரட்டினார்கள் என்று தெரியும்.

டீச்சர் விடைத்தாளை மேசைமேல் வைத்தார். பிறகு, "இதுதான் ஐயா ஒழுங்கான அர்த்தம். மத்தவங்க எல்லாம் பெருசாக்குறதப் பத்திப் பேசுறாங்க. நீங்க ஒளிச்சு வச்சத வெளிய எடுக்கறதப் பத்திச் சொல்றீங்க" என்றார். செல்விக்கு முழு மதிப்பெண் போட்டார். அறிவியல் பாடத்தில் இப்படி எழுதியதற்கு எப்படி மதிப்பெண் தரலாம் என்று அப்போதைய தலைமையாசிரியர் கேட்டபோது, கேள்வியில் எந்த விரிவு என்று எழுதாதது என் தப்பு என்று பதில் சொன்னார்.

இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு இந்த ஒரு சொல்லை வைத்து ஒரு ஊரையே ஏமாற்றினார்கள்.

செல்வியின் ஊர் ஆலத்தூர் நாட்டில் மேட்டுக்காட்டுப்பட்டி. ஊருக்கு மேலே உள்ள குன்றில் கல் எடுக்க ஒரு கம்பெனிக்கு அனுமதி கிடைத்திருந்தது. லாரி ஏற வழி வேண்டும். இருந்த மண் பாதையின் இரண்டு பக்கமும் ஊர்க்காரர்களின் பலா மரங்கள், மிளகுக் கொடி ஏற்றிய மரங்கள், மரவள்ளிக் காடு. வளர்ச்சிப் பணிகளைப் பார்க்கும் ஒரு அதிகாரி ஊருக்கு வந்து கூட்டம் போட்டார். கல்லைப் பற்றியோ லாரியைப் பற்றியோ அவர் வாயைத் திறக்கவில்லை. "உங்க ஊருக்கு விரிவாக்கப் பணி வருது. எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று மட்டும் கேட்டார். அந்தச் சொல்லை ஊர்க்காரர்கள் ஜீப்பில் பார்த்திருக்கிறார்கள். விதை வாங்கியிருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் சந்தோஷமாகக் கையைத் தூக்கினார்கள்.

மழைக்காலம் கழிந்ததும் பொக்லைன் வந்தது. செல்வியின் அம்மா பழனியம்மா மூச்சிரைக்கப் பள்ளிக்கு ஓடி வந்தார். நானும் டீச்சரும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம்.

"ஏனுங்க டீச்சர், விரிவாக்கம்னா வெத குடுக்கறதுதானுங்களே? அப்பிடி நெனச்சுத்தானுங்க கையத் தூக்கினோம். இப்ப என்ற பலா மரத்த வேரோட புடுங்கறாங்க. கேட்டா, நீதான கையத் தூக்கினேங்கறாங்க."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை வீசிவிட்டு அப்படியே அவரோடு கிளம்பினார். நானும் போனேன். பாதையோரம் இருந்த பலா மரங்களில் பெரும்பாலானவை அதற்குள் வேரோடு சாய்க்கப்பட்டிருந்தன. பிஞ்சுகள் மண்ணில் நசுங்கிக் கிடந்தன. பெண்கள் பொக்லைனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். வேலை நின்றது. ஊர்க்காரர்களைச் சமாதானப்படுத்த அதே அதிகாரி மறுவாரம் வந்தார். புதிதாகப் பதவிக்கு வந்திருந்த இளம் துணை ஆட்சியர் ஒருவரும் கூட வந்தார்.

அந்தக் கூட்டத்தை நான் மறக்கமாட்டேன். அதிகாரி எழுந்து, ஒருமனதாக ஒப்புதல் தந்துவிட்டு இப்போது அரசுப் பணியைத் தடுப்பது சட்டப்படி குற்றம் என்றார். விரிவாக்கம் வந்தால் ஊர் விரியும், பிள்ளைகளின் எதிர்காலம் விரியும் என்று அடுக்கினார். பெண்கள் கூட்டத்தின் நடுவிலிருந்து ஜமீலா டீச்சர் எழுந்தார்.

"சார், விரிவாக்கம்னு சொன்னீங்களே, அத கொஞ்சம் விரிச்சுச் சொல்லுங்க. எத விரிவாக்குறீங்க? யாருக்காக? யாரோட நிலத்துல?"

"டீச்சர், இது உங்க வகுப்பு இல்ல."

"இல்லதான். என் வகுப்புல பதில் தெரியலைன்னா உக்காரச் சொல்லிடுவேன். இங்க நீங்க நிக்கிறீங்க, அதனால கேக்குறேன். கல்லு எடுக்க லாரி போறதுக்கு உங்க காட்ட எடுத்துக்கறோம்னு போன கூட்டத்துல சொன்னீங்களா, இல்லையா?"

அதிகாரி துணை ஆட்சியரைப் பார்த்தார். டீச்சர் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். "வெத குடுக்கறாங்கன்னு நெனச்சு அன்னைக்குக் கையத் தூக்கினவங்க, இப்ப கையத் தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. "லாரி வர்றதுக்குன்னு தெரிஞ்சு தூக்கினவங்க?" ஒரு கைகூட இல்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர், "எங்களுக்கு லாரி எதுக்குங்க சாமி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. துணை ஆட்சியர் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தச் சொன்னார். மறுபடி கூட்டம் நடந்தது. இந்த முறை எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிக் கேட்டார்கள். ஊர் மறுத்தது. கல் கம்பெனி வரவில்லை.

முடிவு நல்லபடியாக வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிடுங்கிய மரங்களுக்குப் பதில் யாரும் எதுவும் தரவில்லை. பாதி வெட்டிப்போட்ட மலைச்சரிவு ஒவ்வொரு மழைக்கும் சரிந்து பழனியம்மாவின் காட்டில் இறங்குகிறது. ஏமாற்றிய அதிகாரிக்கு ஒன்றும் ஆகவில்லை, பதவி உயர்வு வந்தது. நடுவில் எழுந்து நின்ற ஆசிரியைக்கு நிர்வாக நலன் கருதி என்று இடமாற்ற உத்தரவு வந்தது. தர்மபுரி மாவட்டத்தின் கடைசியில் ஒரு பள்ளி. அரசுப் பணிக்கு இடையூறு செய்ததாக அந்த அதிகாரி கொடுத்த புகார்தான் காரணம் என்று விசாரிக்கப் போன என்னிடம் அலுவலகத்திலேயே சொன்னார்கள். யாருடைய நலன் என்று அந்த உத்தரவை யாரும் விரித்துச் சொல்லவில்லை.

அதற்குள் அவருக்கு உடம்பு முடியாமல் போயிருந்தது. மலை ஏறும்போது மூச்சு முட்டுகிறது என்று பாதியில் பாறைமேல் உட்கார்ந்துவிடுவார். ரத்தக் குறைவு என்று தானே முடிவு செய்துகொண்டார். சலீம் கட்டாயப்படுத்தித் திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். இதயம் விரிவடைந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

இதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அவருடைய அம்மா, மகளின் நெஞ்சடைப்பு நீங்கி இதயம் நன்றாக விரிந்துகொடுத்துவிட்டது, இனி மூச்சு முட்டாது என்று எண்ணிக்கொண்டார். பாத்திஹா ஓதிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்திருக்கிறார். டீச்சரே என்னிடம் இதைச் சொன்னார். "எங்க வீட்டுலயும் அதே கதை ஐயா. டாக்டர் ஒரு வார்த்தைய எறிஞ்சுட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டார். இது பலம் வந்து விரியுறது இல்லம்மா, தளந்துபோய் விரியுறதுன்னு எங்கம்மாவுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. எந்த மகளாவது தன் தாய்கிட்ட இதச் சொல்லுவாளா?"

மருத்துவச் சான்றை வைத்து இடமாற்றத்தை ரத்து செய்யும்படி மனு கொடுத்தார். நாங்கள் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டோம். நான் மட்டும் எத்தனை முறை அந்த அலுவலகப் படியேறினேன் என்று கணக்கில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான். டீச்சர் வேலையை விட முடியாது, விடவும் மாட்டார். தப்பே செய்யாத நான் ஏன் விடணும் என்பார். புதிய பள்ளிக்குப் போனார். அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கினார். தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்க வாரந்தோறும் மூன்று பஸ் மாறித் துறையூருக்கு வந்தார்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, துறையூர் வீட்டில். கால்கள் வீங்கியிருந்தன. தலையணைகளை அடுக்கி உட்கார வைத்திருந்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று சலீமிடம் கேட்டேன். டீச்சரே பதில் சொன்னார்.

"நீர் மாத்திரை குடுத்திருந்தாங்க ஐயா. அத முழுங்கினா அரை மணிக்கு ஒரு தடவை போகணும். பஸ்ல எங்க போறது? ஆம்பளைங்க வண்டிய நிறுத்தி இறங்கி நின்னுக்கறாங்க. பஸ் ஸ்டாண்டுல இருக்கறது பூட்டியே கிடக்கு. அதனால பஸ் ஏறுற நாள்ல மாத்திரை போடறதில்ல. ஸ்கூல்லயும் லேடீஸுக்கு எடம் கிடையாது, அங்கயும் போடறதில்ல."

எனக்கு அப்போது அவர்மேலேயே கோபம் வந்தது. சலீமிடம் சொல்லியிருக்கலாம், என்னிடம் சொல்லியிருக்கலாம், நீண்ட விடுப்பு எடுத்திருக்கலாம். இவ்வளவு பேசுகிறவர் இதை மட்டும் ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று கத்தியேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதப் போய் ஆம்பளைங்ககிட்ட எப்படி ஐயா சொல்றது" என்றார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

இதய நோயால் இறந்தார் என்று சொல்கிறார்கள். நோய் இருந்தது உண்மை. மாத்திரை சாப்பிட்டு, மலைமேல் தன் பள்ளிக்குப் பக்கத்து அறையில் தங்கியிருந்தால், இன்னும் சில வருடங்கள் அவர் பாடம் நடத்தியிருப்பார். மருத்துவரே சலீமிடம் அப்படித்தான் சொன்னாராம். அவரை அந்த பஸ்களில் ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் வாங்குகிறார்கள். பொன்னாடை போர்த்திக்கொள்கிறார்கள்.

அவர்களில் ஒருவரை எங்கள் பள்ளியின் இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கவே அழைத்திருந்தார்கள். ஆம், அதே அதிகாரி. புதிய தலைமையாசிரியருக்குப் பழைய கதை தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. அழைப்பு போனபோது நான் துறையூரில் டீச்சரின் அம்மாவோடு இருந்தேன். கூட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மேடையில் அவரைப் பார்த்தேன். அம்மையாரின் தொண்டு மலை கடந்து விரிந்து பரந்தது என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன்.

"ஐயா, அந்தத் தொண்டு இந்த மலையிலேயே ஏன் தொடரவில்லை? அவரை இடம் மாற்றச் சொல்லிப் புகார் கொடுத்தது யார்?"

"இது அஞ்சலிக் கூட்டம்" என்றார் அவர்.

"அதனாலதானுங்க கேக்கறோம்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. பழனியம்மா. கூடவே மேட்டுக்காட்டுப்பட்டிப் பெண்கள் பலர் எழுந்து நின்றார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. பதிலுக்காக நின்றார்கள், அவ்வளவுதான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, வேறொரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். தலைமையாசிரியர் என்னிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசவேண்டாம்.

கூட்டம் கலைந்த பிறகு பழனியம்மாவும் நானும் பஸ்ஸுக்கு நின்றோம். ஜமீலா டீச்சர் போலப் பயமில்லாத ஆளை நான் பார்த்ததில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பயந்தாங்க ஐயா. அன்னைக்கு எங்க ஊருக் கூட்டத்துல எம் பக்கத்துலதான உக்காந்திருந்தாங்க. எந்திரிக்கறப்ப என்ற தோளப் புடிச்சுட்டுத்தான் எந்திரிச்சாங்க. பேசி முடிக்கற வரைக்கும் கைய எடுக்கவே இல்லீங்க. கை வெடவெடன்னு நடுங்குச்சு. உக்காந்தப்பறம், 'வலிச்சுதா பழனியம்மா'ன்னு கேட்டாங்க."

நான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது அவருடைய முகமும் குரலும் மட்டும். அடுத்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்கியபடி அவர் கேட்டார் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ஜமீலா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கையைத்தான்.